கெம்பஸில் முதல் புரோகிராமிங் பாடம்: போகிற பிள்ளைக்கும், வீட்டில் இருக்கிற உம்மா வாப்பாவுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டிலோ குடும்பத்திலோ இந்த முறை ஐ.டி., கொம்பியூட்டர் சயன்ஸ், சொஃப்ட்வெயார் எஞ்சினியரிங், தொழில்நுட்ப பீடம் என்று கெம்பஸ் போகிற பிள்ளை இருந்தால் நேரம் எடுத்து வாசியுங்கள். இல்லாவிட்டால் அப்படியான ஒரு வீட்டுக்கு அனுப்பி விடுங்கள்.

வெட்டுப்புள்ளி வெளிவந்த நாளிலிருந்து பெற்றோர் என்னிடம் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். எந்த லெப்டொப் வாங்குவது? ஹொஸ்டல் எப்படி? படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா? முதல் செமஸ்டரில் இருக்கிற ஒரு பாடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "இன்ட்ரடக்ஷன் டு புரோகிராமிங்" என்று அதற்குப் பெயர் இருக்கும். பீடத்துக்குப் பீடம் பெயர் கொஞ்சம் மாறும். எனக்குத் தெரிந்து, முதல் வருடத்தில் அழுதுகொண்டு வீட்டுக்குக் கோல் எடுத்த பிள்ளைகளில் அதிகமானோர் அந்தப் பாடத்தால்தான் எடுத்தார்கள்.

நான் கல்வியியற் கல்லூரி முடித்து பாடசாலைக்கு வந்தவள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வெளிவாரியாகக் கணினிப் பட்டம் ஒன்றுக்குப் பதிந்து, சனி ஞாயிறுகளில் அதே முதல் பாடத்தைப் படித்தேன். பக்கத்துக் கதிரையில் ஏ.எல். எழுதிவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அதனால் இதை ஆசிரியை என்ற இடத்திலிருந்தும் சொல்கிறேன், மாணவி என்ற இடத்திலிருந்தும் சொல்கிறேன்.

*ஐ.சி.டி.க்கு ஏ எடுத்தவருக்கும், ஐ.சி.டி. படிக்காதவருக்கும்*

பாடசாலையில் நாங்கள் படிப்பிக்கிற ஐ.சி.டி. ஒரு பெரிய சஹன் மாதிரி. வன்பொருள், வலையமைப்பு, தரவுத்தளம், இணையத்தளம், எண் முறைமைகள் என்று எல்லாம் அதில் உண்டு. ஏ.எல். பாடத்திட்டத்தில் பைதனும் உண்டு, ஆனால் அது பல அலகுகளில் ஓர் அலகு. அந்த ஒரு கறியைத்தான் கெம்பஸில் பதினைந்து கிழமை தனியாகச் சமைக்கிறார்கள்.

ஆகவே ஐ.சி.டி.க்கு ஏ எடுத்த பிள்ளை "எனக்கு இது தெரியும்" என்று முதல் மாதம் சும்மா இருந்தால் ஆறாவது கிழமையில் தடுமாறும். ஐ.சி.டி.யே படிக்காமல் கணிதப் பிரிவிலிருந்து போகிற பிள்ளை பயப்படவும் தேவையில்லை. பாடம் பூச்சியத்திலிருந்துதான் தொடங்கும். பூச்சியத்திலிருந்து தொடங்கினாலும் ஓட்டம் மட்டும் வேகமாக இருக்கும்.

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் முதல் நாளிலேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். பலகையில் விரிவுரையாளர் "எக்ஸ் = எக்ஸ் + 1" என்று எழுதுவார். கணக்கில் இது பொய். இரண்டு பக்கமும் எக்ஸைக் கழித்தால் 0 = 1 என்று வரும். புரோகிராமிங்கில் இது மிகச் சாதாரண வரி. இங்கே சமன் குறி "சமன்" என்று சொல்லவில்லை. வலப்பக்கத்தைக் கணக்குப் பார்த்து, வருவதை இடப்பக்கப் பெட்டியில் போடு என்று சொல்கிறது. பெட்டியில் 5 இருந்தால் இனி 6 இருக்கும். இந்த ஒரு குறியை மனதில் மாற்றிக்கொண்டாலே முதல் கிழமை லேசாகும்.

*அப்படி என்னதான் படிப்பிப்பார்கள்?*

பைதனாக இருக்கலாம், சி ஆக இருக்கலாம், ஜாவாவாக இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சி 1970களின் ஆரம்பத்தில் வந்தது, பைதன் 1991 இல் வந்தது, ஜாவா 1995 இல் வந்தது. மொழி எதுவானாலும் உள்ளே இருக்கிற விடயங்கள் அநேகமாக ஒன்றுதான். எங்களுக்குப் பழக்கமான ஸகாத் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

முதல் இரண்டு கிழமை: கையில் உள்ள பணம் எவ்வளவு என்று கேட்டு வாங்கி, அதில் 2.5 சதவீதத்தைத் திரையில் காட்டுவது. பத்து இலட்சம் கொடுத்தால் 25,000 என்று வரும். இதில் மாறி, உள்ளீடு, வெளியீடு எல்லாம் அடங்கிவிட்டது. பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். "இவ்வளவுதானா?" என்று நினைக்கும்.

இங்கேயே முதல் பள்ளமும் இருக்கிறது. கைப்பணம் 500000, வங்கியில் 200000 என்று இரண்டைக் கேட்டு வாங்கிக் கூட்டச் சொன்னால், பைதன் 700000 என்று சொல்லாது. 500000200000 என்று காட்டும். விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் அதற்கு எழுத்துத்தான். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டத்தான் செய்யும். "இது எண்" என்று நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொம்பியூட்டர் கெட்டிக்காரன் என்ற எண்ணம் அன்றைக்கே போய்விடும். சொன்னதை மட்டும், சொன்ன மாதிரியே செய்கிற ஒரு வேலைக்காரன்தான் அது.

மூன்றாவது, நான்காவது கிழமை: நிபந்தனை. எல்லோருக்கும் ஸகாத் கடமை இல்லை, நிஸாப் அளவு இருக்க வேண்டும். "பணம் நிஸாபை விடக் கூடவாக இருந்தால் 2.5 சதவீதம், இல்லாவிட்டால் 0" என்று எழுதுவீர்கள். புரோகிராம் வேலை செய்யும். நாலு ஆளுக்குப் பரிசோதித்தால் நாலும் சரி. ஆனால் ஐந்தாவது ஆளிடம் சரியாக நிஸாப் அளவே இருக்கிறது, ஒரு சதம் கூட இல்லை, குறையவும் இல்லை. அவருக்கும் கடமைதான். உங்கள் புரோகிராம் அவரை விட்டுவிடும், ஏனென்றால் "கூட" என்று மட்டும் எழுதினீர்கள், "கூட அல்லது சமன்" என்று எழுதவில்லை. ஒரு சின்னக் குறி, ஒரு கடமை விடுபட்டுவிட்டது. பரீட்சையில் விரிவுரையாளர் தேடித் தேடிக் கேட்பது இந்த ஐந்தாவது ஆளைத்தான். எல்லையில் நிற்கிற ஆளைப் பரிசோதிக்கப் பழகிய பிள்ளை மற்றவர்களை விட ஒரு படி மேலே நிற்கும்.

ஐந்து முதல் எட்டாவது கிழமை வரை: லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்தல். ஒரு ஆளுக்குச் செய்த கணக்கை பஸாரில் உள்ள 10 கடைக்காரருக்கும் செய்ய வேண்டும். இங்கே கொம்பியூட்டர் எண்ணுகிற விதம் எங்கள் விதம் இல்லை. பைதனில் 10 தடவை என்று சொன்னால் 0 இலிருந்து 9 வரை எண்ணும். பட்டியலில் முதல் ஆள் 0 ஆம் ஆள். பத்தாவது ஆளைக் கேட்டால் அப்படி ஒருவர் இல்லை என்று எரர் வரும். பிறகு லூப்புக்குள் லூப். மருதமுனையில் நெசவுத் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு வரிசைக்குள் நூல் இத்தனை தடவை போக வேண்டும், அப்படி இத்தனை வரிசை சேர்ந்தால்தான் ஒரு கோலம். உள் லூப் நூல், வெளி லூப் வரிசை.

ஒன்பதாவது கிழமைக்குப் பிறகு: ஃபங்ஷன். ஸகாத் கணக்கை ஒரு பெட்டிக்குள் எழுதிப் பெயர் வைத்துவிட்டு, தேவையான இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அதற்குப் பிறகு பட்டியல்கள், கோப்பிலிருந்து வாசித்தல், கோப்பில் எழுதுதல். கடைசியில் ஒரு சின்ன புரொஜெக்ட். பள்ளிவாசல் ஸகாத் கணக்கு, நூலகம், கடை பில், இப்படி ஏதாவது ஒன்று.

இவ்வளவுதான் பாடம். தாளில் எழுதினால் அரைப் பக்கம். அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் விழுகிறார்கள்?

*அந்தச் சுவர்*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை இல்லை. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் முதல் புரோகிராமிங் பாடத்தில் எத்தனை பேர் சித்தியடைவதில்லை என்று பென்னெட்சன், காஸ்பெர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007 இல் பார்த்தார்கள். சராசரி 33 சதவீதம். 2019 இல் திரும்பப் பார்த்தார்கள், 28 சதவீதம். வசதியான நாடுகளிலும், தாய்மொழியில் படிக்கிற பிள்ளைகளிலும் சேர்த்து, மூன்று நாலு பேரில் ஒருவர் முதல் தடவை தாண்டுவதில்லை. உங்கள் மகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால், அவள் உலகத்தோடு சேர்ந்து கஷ்டப்படுகிறாள்.

சுவர் வருவது அநேகமாக லூப்பில். அதுவரைக்கும் ஒவ்வொரு வரியையும் வாசித்தால் விளங்கும். லூப் வந்ததும் ஒரே வரி ஐந்து தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் இருக்கிற பெறுமதி மாறும். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, மனதுக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். எனக்கு நட்சத்திரக் குறிகளால் ஒரு முக்கோணம் வரைகிற கேள்வி மூன்று இரவு எடுத்தது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு குசினி மேசையில் இருந்து எழுதினேன். மூன்றாவது இரவு அது சரியாக வந்தபோது யாரை எழுப்பிக் காட்டுவது என்று தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கை கொடுத்தது லெப்டொப் இல்லை, கொப்பி. ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல். லூப் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஒவ்வொரு வரிசையாகப் பெறுமதியை எழுதிக்கொண்டு போவது. இதை ட்ரேஸ் டேபிள் என்பார்கள். ஏ.எல்.லில் படித்துவிட்டு பரீட்சையோடு மறந்துவிடுவோம். லூப் விளங்காத பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பேனையும் தாளும் போதும், கரண்ட் கூடத் தேவையில்லை.

*இங்கிலீஷ்*

தமிழ் மொழிமூலத்தில் பதின்மூன்று வருடம் படித்த பிள்ளைக்கு லெக்சர் முழுக்க ஆங்கிலத்தில். இது உண்மையான கஷ்டம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் புரோகிராமிங் மொழியும் ஆங்கிலமும் ஒன்றல்ல. பைதனில் உள்ள ஒதுக்கப்பட்ட சொற்கள் 35. ஆரம்பத்தில் தரப்படுத்தப்பட்ட சி மொழியில் 32. இஃப், எல்ஸ், வைல், ஃபோர், ரிட்டர்ன் என்று முதல் செமஸ்டரில் புழங்குவது அதிலும் பாதிதான். ஒரு ஜுஸ்உவை மனனம் செய்த பிள்ளைக்கு இது ஒரு பாரமா?

கஷ்டம் இருப்பது கேள்வியை வாசிப்பதில். "இதற்குக் குறைவாக", "இதற்குக் கூடாமல்", "இவை இரண்டும் தவிர்ந்த" என்பதை ஆங்கிலத்தில் பிழையாக விளங்கினால், விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளி இல்லை. அதனால் கேள்வியை முதலில் தமிழில், தன் சொந்த வசனத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு படிமுறையையும் தமிழிலேயே எழுதுங்கள். கடைசியில்தான் பைதன். தமிழில் யோசிப்பதற்கு எந்த விரிவுரையாளரும் புள்ளி குறைக்க மாட்டார்.

லெக்சரில் வாய் திறந்து கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். லேபில் கேளுங்கள். அங்கே நிற்கிற இன்ஸ்ட்ரக்டர்மார் அநேகமாக அண்மையில் பட்டம் முடித்தவர்கள், அந்தச் சுவரை இன்னும் மறக்காதவர்கள். உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும், திரையைக் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள்.

*சிவப்பு எழுத்து*

எங்கள் பாடசாலைகளில் சிவப்பு என்றால் பிழை, பிழை என்றால் வெட்கம். இந்தப் பழக்கத்தோடு போகிற பிள்ளை திரையில் சிவப்பில் எரர் வந்ததும் உடனே மூடிவிடும், அல்லது பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்த்து எழுதிவிடும்.

எரர் என்பது ஏச்சு இல்லை, தகவல். மூன்று வகை உண்டு. எழுத்துப் பிழை: அடைப்புக்குறி மூடவில்லை, பைதனில் உள்தள்ளல் பிசகிவிட்டது, இப்படி. இது லேசு, எந்த வரி என்று அதுவே சொல்லும். ஓடும்போது வருகிற பிழை: பூச்சியத்தால் வகுக்கச் சொன்னது, இல்லாத பத்தாவது ஆளைக் கேட்டது. பைதனில் இந்த மாதிரி நேரத்தில் நீளமான செய்தி ஒன்று வரும், கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். மூன்றாவது, தர்க்கப் பிழை. சிவப்பே வராது. புரோகிராம் அழகாக ஓடும், விடை மட்டும் பிழை. அந்த ஐந்தாவது கடைக்காரர் விடுபட்டது இந்த வகை. பயப்பட வேண்டியது சிவப்பு வராத இந்த வகைக்குத்தான்.

*மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும் போல இருக்கும்*

முதல் கிழமையிலேயே சிலர் முன் வரிசையில் இருந்து நீங்கள் கேள்விப்படாத சொற்களைப் பேசுவார்கள். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் எட்டாம் தரத்திலேயே கோடிங் கழகத்தில் இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஐந்து வருடம் முந்தித் தொடங்கியவர்கள், அவ்வளவுதான். அதைப் புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொண்டு உங்களை நீங்களே தாழ்த்தாதீர்கள். அவர்களோடு பகையும் வேண்டாம். லேபில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, "இந்த வரி ஏன் இங்க வந்த?" என்று கேட்டுப் பழகுங்கள். நல்ல பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.

அல்கோரிதம் என்ற சொல்லே ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் இருந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான். அல்ஜிப்ராவும் அவருடைய நூலின் தலைப்பில் உள்ள அல்ஜப்ரு என்ற சொல். இதை நாங்கள் மேடைகளில் பெருமைக்குச் சொல்கிறோம். பெருமை பேசுவதை விட, அவருடைய பெயரைத் தாங்கிய பாடத்தில் எங்கள் பிள்ளை இடைநடுவில் எழும்பி வராமல் இருக்கச் செய்வது நல்லது.

*எத்தனை மணித்தியாலம்?*

எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். பதினைந்து கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 10 மணித்தியாலம். லெக்சரும் லேபும் சேர்ந்து நாலு ஐந்து மணித்தியாலம்தான் வரும். மீதிப் பாதி பிள்ளையின் கையில். நேர அட்டவணையில் எழுதப்படாத இந்தப் பாதியில்தான் பாடம் இருக்கிறது.

தஜ்வீதை யாரும் கேட்டு மட்டும் படிப்பதில்லை. உஸ்தாத் ஓதும்போது எல்லாம் லேசாகத்தான் இருக்கும். எங்கள் நாக்கைப் போட்டு ஓதிப் பார்த்தால்தான் ழாதும் ளாவும் எங்கே இடிக்கிறது என்று தெரியும். புரோகிராமிங்கும் அப்படித்தான். விரிவுரையாளர் திரையில் எழுதும்போது விளங்கும், யூரியூப்பில் பார்க்கும்போது விளங்கும். வெறும் திரைக்கு முன்னால் தனியாக இருக்கும்போதுதான் விளங்கவில்லை என்பது விளங்கும். சனிக்கிழமை ஒரே மூச்சில் ஏழு மணித்தியாலம் இருப்பதை விட, ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பிரயோசனம். ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விடயம். எங்கள் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை. பல்கலைக்கழகத்தில் விடுமுறை இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு லேப் இருக்கும், அசைன்மென்ட் இரவு பன்னிரண்டுக்கு முடியும், இடையில் இப்தாரும் தராவீஹும். பதின்மூன்று வருடம் நோன்பு காலத்தில் வீட்டில் இருந்து பழகிய பிள்ளைக்கு முதல் வருடம் இது திடுக்கிட வைக்கும். ரமழான் செமஸ்டரின் எந்தக் கிழமையில் விழுகிறது என்று இப்போதே கலண்டரில் பார்த்து, அதற்கு முந்திய கிழமைகளில் வேலையை முன்கூட்டிச் செய்யப் பழகச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவையும் மறக்க வேண்டாம். பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விட மாட்டார்கள். குடும்பத்தில் கலியாணம் என்று நாலு நாள் பிள்ளையைக் கூப்பிடுகிற உம்மா வாப்பா இதை மனதில் வையுங்கள்.

*சட்ஜிபிடி*

இது எல்லாப் பிள்ளையின் போனிலும் இருக்கிறது. முதல் வருட அசைன்மென்ட் எதையும் அது ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். ஆனால் லேப் பரீட்சையில் அது இருக்காது. எழுத்துப் பரீட்சையில் தாளில் கையால் எழுத வேண்டும். வைவாவில் "நீ எழுதின இந்த வரி என்ன செய்யுது?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

நண்பனுடையதைப் பிரதி எடுத்து மாறிகளின் பெயரை மாற்றிக் கொடுத்தாலும் பிடிபடும். 1994 இல் உருவான மொஸ் போன்ற கருவிகள் பெயரைப் பார்ப்பதில்லை, புரோகிராமின் அமைப்பை ஒப்பிடுகின்றன. அதைவிடப் பெரிய விடயம், இது அமானத். பெயர் எங்களுடையது, வேலை இன்னொருவருடையது என்றால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அதைப் பாவிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடையைக் கேட்காதீர்கள். "இந்த எரர் என்ன சொல்லுது, தமிழில் விளக்கு" என்று கேளுங்கள். "லூப்பில எனக்கு ஐந்து பயிற்சிக் கேள்வி தா, விடை தராதே" என்று கேளுங்கள். உஸ்தாதாக வைத்தால் நல்லது, கூலிக்கு எழுதுகிறவனாக வைத்தால் நஷ்டம்.

*லெப்டொப்*

முதல் வருடப் புரோகிராமிங்குக்கு விலை கூடிய லெப்டொப் தேவையே இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள பாவித்த ஒன்று தாராளம். பல்கலைக்கழக லேபில் கொம்பியூட்டர் இருக்கிறது. லெப்டொப் வரும் வரை போனிலேயே பைட்ராய்ட் போன்ற செயலியில் எழுதிப் பழகலாம், பிரவுசரில் கூகுள் கொலாப் இருக்கிறது. வட்டிக்குத் தவணை போட்டு, நகையை அடகு வைத்து மூன்று இலட்சத்துக்கு வாங்கிக் கொடுத்து, பிறகு "இவ்வளவு செலவழிச்சும் மார்க்ஸ் எங்க?" என்று கேட்பது பிள்ளைக்குப் பெரிய பாரம். இரண்டாம் வருடத்தில் என்ன தேவை என்று பிள்ளையே சொல்லும், அப்போது பாருங்கள்.

கெம்பஸ் தொடங்குவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் தளத்தில் ஆரம்பப் பைதன் பாடநெறி இருக்கிறது. ஹார்வர்டின் சி.எஸ். 50 பாடமும் இலவசம், அது சிறு பிள்ளைகளின் ஸ்க்ராச்சில் தொடங்கி சி மொழிக்குப் போகும். இரண்டில் ஒன்றை எடுத்து லூப் வரைக்குமாவது போனால், அந்தச் சுவரைப் பிள்ளை வீட்டில் இருந்தே ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகும்.

*ஒரு பிள்ளையின் கதை*

அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். எங்கள் பகுதியில் கணிதப் பிரிவில் படித்து, தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கணினிப் பட்டத்துக்குப் போன மகள். அவர்களது குடும்பத்தில் ஊரை விட்டு வெளியே படிக்கப் போன முதல் பெண் பிள்ளை. அனுப்புவதா இல்லையா என்று வீட்டில் ஒரு மாதம் பேசி அனுப்பினார்கள்.

ஏழாவது கிழமை. இடைப் பரீட்சையில் புரோகிராமிங்குக்கு 31. இரவு உம்மாவுக்குக் கோல்: "உம்மா, எனக்கு ஏலா. எல்லாருக்கும் விளங்குது, எனக்கு மட்டும் விளங்குதில்ல." அடுத்த நாள் வாப்பா என் வீட்டு வாசலில். "டீச்சர், புள்ளைய நிப்பாட்டி எடுப்பமா எண்டு யோசிக்கிறன். சொந்தக்காரங்க அப்பவே சொன்னாங்க."

நான் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. மற்றப் பாடங்களில் எத்தனை? மற்றதெல்லாம் 50க்கு மேல். இந்தப் பாடத்தில் வகுப்பில் எத்தனை பேர் 40க்குக் கீழே? அவருக்குத் தெரியாது. மகளிடம் கேட்டார். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர். "எல்லாருக்கும் விளங்குது" என்பது முன் வரிசை ஆறு பேரைப் பார்த்து வந்த நினைப்பு.

அன்றிலிருந்து ஒரு மாதம், இரவு இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவளும் நானும் வட்ஸ்அப்பில். நான் ஒரு லூப் அனுப்புவேன், அவள் தாளில் ட்ரேஸ் டேபிள் போட்டுப் படம் எடுத்து அனுப்புவாள். கொம்பியூட்டரைத் தொடவே இல்லை. பதினாறாவதோ பதினேழாவதோ இரவு, "டீச்சர், இது ஏன் எனக்கு முதல்ல விளங்கல?" என்று ஒரு குரல் செய்தி, சிரிப்போடு. இறுதிப் பெறுபேறு சி பிளஸ். ஏ இல்லை. ஆனால் சித்தி. அல்ஹம்துலில்லாஹ், இப்போது இரண்டாம் வருடம். பின்னுக்கு வந்த தங்கச்சிமாருக்கு அவளே லூப் சொல்லிக் கொடுக்கிறாள்.

அந்தப் பிள்ளை அன்று திரும்பி வந்திருந்தால், ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். "பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் சரிவராது" என்று ஒரு வசனம். அந்த ஒரு வசனம் அடுத்த பத்து வருடத்துக்கு எத்தனை வீட்டுக் கதவை மூடியிருக்கும். ஒரு 31 புள்ளிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

*உம்மா வாப்பாவுக்கு*

பிள்ளை அழுது கோல் எடுத்தால் "வந்திரு" என்றும் சொல்லாதீர்கள், "எப்படியாவது பாஸாகு" என்றும் சொல்லாதீர்கள். எந்தப் பாடம், எந்தக் கிழமை, லேபில் கேட்டாயா என்று கேளுங்கள். ஐந்தாவது கிழமைக்கும் எட்டாவது கிழமைக்கும் இடையில் நீங்களாகவே ஒரு கோல் எடுங்கள். "லூப் வந்திட்டா மகள்?" என்று கேட்டால் பிள்ளை ஆச்சரியப்படும், கொஞ்சம் சிரிக்கும். அந்த நேரத்தில் அதுவே பெரிய பலம்.

முதல் தடவை சித்தியடையாவிட்டாலும் பட்டம் போய்விடாது. திரும்ப எழுதலாம். பல பீடங்களில் திரும்ப எழுதினால் சி க்கு மேல் தர மாட்டார்கள், ஜி.பி.ஏ. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாலு வருடப் பயணத்தில் ஒரு பாடம்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்தத் துறை பொருந்தும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இரண்டு செமஸ்டர் உண்மையாக முயற்சித்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வேறு கதை, அப்போது இருந்து பேசலாம். ஏழாவது கிழமை அந்த முடிவை எடுக்கிற நேரம் இல்லை.

எங்கள் பகுதியிலிருந்து இந்த முறை கணினித் துறைக்குப் போகிற பிள்ளைகள் கொமென்டில் பெயர் போடுங்கள், அல்லது இன்பொக்ஸில் வாருங்கள். ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கிற நானாமார், ராத்தாமார் ஐந்தாறு பேர் உதவிக்குத் தயாராக இருக்கிறார்கள். ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று இருக்கிறோம். காசு இல்லை, ரியூஷன் இல்லை. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்தால் போதும்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவைக் கொடு, அதில் உறுதியையும் கொடு. ஆமீன்.

வஸ்ஸலாம்.